பெயர் தெரியாதவருக்கு ஒரு மரண அறிவிப்பு

புதிதாகச் சேர்ந்த உங்களை முதல் வாரமே மரண அறிவிப்புப் பகுதியில் உட்கார வைத்துவிட்டார்கள் என்றும், சிலருக்கு அதில் மனக்குறை என்றும் கேள்விப்பட்டேன். எனக்கும் அப்படித்தான் தொடங்கியது. அரசியல் கூட்டம், விபத்து, வெள்ளம் என்று ஓட ஆசைப்பட்டு வந்தவளை, எங்கள் செய்தி ஆசிரியர் ஒரு மூலை மேசைக்கு அனுப்பினார். "இதை ஒழுங்கா எழுதக் கத்துக்கோ. மத்த செய்தியெல்லாம் இதோட நீட்டம்தான்" என்றார்.

விதிமுறை எளிது. பெயர், வயது, ஊர், உறவினர், அடக்கமோ தகனமோ நடந்த இடம். 'ஈடுசெய்ய முடியாத', 'பண்பின் சிகரம்' போன்றவற்றை அவர் சிவப்புப் பேனாவால் அடித்துவிடுவார். அவை காசு கொடுத்துப் போடும் விளம்பரத்துக்கு உரியவை என்பார். ஆனால் ஓர் உறவு விட்டுப்போனால் சும்மா விடமாட்டார். காரணம் இருந்தது. ஒருமுறை அச்சுக்கோப்பில் ஒரு சின்ன மருமகனின் பெயர் விடுபட்டுவிட்டது. மறுநாள் காலை அந்த மருமகன் பத்திரிகையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. கொடுத்த காபியைக் குடித்தார். திருத்தம் அச்சேறும் வரை வரவேற்பறையிலேயே உட்கார்ந்திருந்தார். நம் ஊரில் தலைப்புச் செய்தியை மேலோட்டமாகப் பார்ப்பவர்கள்கூட மரண அறிவிப்பை உறவுமுறை உறவுமுறையாகப் படிக்கிறார்கள் என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

அந்த அறிவிப்புகளின் கடைசி வரியை மட்டும் பல ஆண்டுகள் கவனித்து வந்தால் திருப்பூர் போன்ற ஓர் ஊர் மாறுவது தெரியும். நான் சேர்ந்தபோது 'சொந்தத் தோட்டத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டது' என்ற வரி அடிக்கடி வரும். தோட்டங்கள் பனியன் கம்பெனிகளான பிறகு அது குறைந்தது. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு 'உடல் சொந்த ஊருக்குக் கொண்டு செல்லப்பட்டது' என்று எழுதிக்கொண்டிருந்தோம். அவர்களுடைய பிள்ளைகள் இங்கேயே வளர்ந்ததும் அந்த வரியும் குறைந்தது. குளிர்சாதனப் பெட்டி வாடகைக்குக் கிடைக்கத் தொடங்கியதும், ஷிப்மெண்டை அனுப்பிவிட்டு வரும் மகனுக்காக அப்பாவின் உடல் ஒரு நாள் காத்திருப்பது வழக்கமாயிற்று. இரண்டாயிரமாவது ஆண்டுகளின் தொடக்கத்தில் மின் மயானம் பற்றிய பேச்சு எல்லா வீடுகளிலும் நுழைந்தது. எரிப்பவர்களுக்கு அதில் சிக்கல் இல்லை. புதைப்பவர்களின் வீட்டில்தான் சண்டை.

அந்தச் சண்டையைப் பற்றி ஞாயிறு மலருக்கு ஒரு கட்டுரை எழுதலாம் என்று போன இடத்தில்தான் நான் சொல்ல வந்தது நடந்தது.

அவிநாசிபாளையத்தைத் தாண்டி ஒரு தோட்டம். உரிமையாளர் பழனிச்சாமி. எழுபத்தெட்டு வயது. முருக பக்தர். இளமையில் குழித்தறி நெசவாளி. பிறகு பவர்லூம், பிறகு பனியன் கம்பெனி. கம்பெனியை அப்போது ஒரே மகன் சண்முகம் பார்த்துக்கொண்டிருந்தார். பழனிச்சாமியின் மனைவியைச் சில ஆண்டுகளுக்கு முன் அந்தத் தோட்டத்தில்தான் அடக்கம் செய்திருந்தார்கள். மேலே ஒரு சிமெண்ட் மேடை, விளக்கு வைக்க ஒரு மாடம். தனக்கும் அவருக்குப் பக்கத்திலேயே இடம் வேண்டும் என்பது பழனிச்சாமியின் ஆசை. சண்முகத்துக்கோ அங்கே கம்பெனிப் பெண்களுக்கு ஹாஸ்டல் கட்டும் எண்ணம். அம்மாவின் சமாதியைச் சுற்றிப் பூச்செடி வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், அப்பாவை மின் மயானத்துக்குக் கொண்டுபோகலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். அதை அப்பாவிடம் சொல்லியும் விட்டார். அதனால் பழனிச்சாமி காத்திருக்கவில்லை. உயிரோடு இருக்கும்போதே தனக்குக் குழி வெட்ட ஆட்களை வரவழைத்துவிட்டார்.

நான் போன ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வேப்பமர நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நீளம் போதாது, அகலம் போதாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். குழி வெட்டும் இடத்துக்குப் பெண் வருகிறாளே என்று வெட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பழனிச்சாமி பொருட்படுத்தவில்லை.

"வாங்க அம்மிணி. பொணமே உக்காந்து டீ குடிக்குது, நீங்க வர்றதுல என்ன இருக்குதுங்க" என்றார்.

குழியைப் பார்த்து பயமாக இல்லையா என்று கேட்டேன். பத்திரிகைக்காரர்கள் கேட்கும் கேள்வி. அவர் சிரித்தார். குழித்தறியில் காலை உள்ளே விட்டு உட்கார்ந்தபடியே பாதி ஆயுள் போனதாகச் சொன்னார். "குழிக்குள்ள பொழப்பு நடத்துனவனுங்க நானு. அப்ப இடுப்பு வரைக்கும், இப்ப கொஞ்சம் ஆழம் சாஸ்தி. அவ்வளவுதானுங்க."

வெட்டியவர்களில் ஒருவர் சேவியர். தூத்துக்குடிப் பக்கத்துக் கடலோர ஊர்க்காரர், கம்பெனியில் லோடு ஏற்றுபவர். கடப்பாரையைப் போட்டவர் சட்டென்று நிறுத்தினார். மறுபடி மெதுவாகத் தட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, கீழ பாறை இல்ல. உள்ளுக்குள்ள காலியா இருக்க மாதிரி சத்தம் கேக்கு."

மண்ணைக் கையால் ஒதுக்கினார்கள். ஆள் உயரத்துக்கு ஒரு பலகைக் கல் படுத்திருந்தது. ஒரு மூலை எப்போதோ உடைந்திருந்தது. அதன் வழியாக உள்ளே பானைகளின் விளிம்பு தெரிந்தது, உள்புறம் கறுப்பு, வெளிப்புறம் சிவப்பு. அப்போதுதான் சுற்றிலும் பார்த்தேன். ஆடு கட்டவும் உட்காரவும் பயன்பட்ட உருண்டைக் கற்கள் எல்லாம் சேர்ந்து ஒரு வட்டமாக இருந்தன. அவற்றில் ஒன்றின் மேல்தான் நான் உட்கார்ந்து குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். நொய்யல் கரையில் இப்படிப்பட்ட கல்வட்டங்களை முன்பு செய்திக்காகப் பார்த்திருக்கிறேன். பழங்காலத்தவரின் ஈமச்சின்னம். கையை உள்ளே விட வேண்டாம் என்று சொன்னேன். அதற்குள் ஒரு தொழிலாளி ஒரு சிவப்புக் கல்மணியை எடுத்துவிட்டார். வெயிலில் பிடித்துப் பார்த்தார்கள். ஊதிவிட்ட நெருப்புக் கங்கு மாதிரி ஒரு நிறம். திரும்ப வைக்கச் சொன்னார் பழனிச்சாமி. வைத்துவிட்டார்கள்.

"உள்ள ஆளு இருக்குதுங்களா?" என்று என்னிடம் கேட்டார். இருந்தவருடைய மிச்சம் இருக்கலாம் என்றேன். நாற்காலியைக் கல்லுக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். "பாத்தீங்களா, நமக்கு முன்னாலயே வந்து எடம் புடிச்சுப்போட்டாங்க."

சண்முகம் செல்போனில் யாரிடமோ பட்டன் சைஸ் பற்றிப் பேசி முடித்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். "ஏனுங்கப்பா, உங்க சீட்டு போயிருச்சாட்ட. மின் மயானத்துல இந்தத் தொல்லையே இல்லீங்க, ஆளு மாத்தி ஆளு போய்க்கலாம்." எல்லாரும் சிரித்தார்கள். பெரியவரும் சிரித்தார். ஆனால் நான் புறப்படும்போது வண்டி வரை வந்தார். இந்த முறை சிரிப்பு இல்லை.

"எழுதோணும்னா எழுதுங்க, வேண்டாங்கல. ஆனா இது பேப்பர்ல வந்தா கவுருமெண்டு வந்து வேலி போட்டுருமுங்க. அப்பறம் எங்கூட்டுக்காரி வேலிக்கு அந்தப் பக்கம், நானு இந்தப் பக்கமுங்களா?"

எழுதாமல் இருக்க முடியாது, ஆனால் அச்சுக்குப் போகும் முன் உங்களுக்குப் படித்துக் காட்டுகிறேன் என்று மட்டும் சொன்னேன். நிறைவேற்ற முடிந்த வாக்குறுதியை மட்டும் கொடுப்பது நல்லது. அதிலும் சின்னதாகக் கொடுப்பது இன்னும் நல்லது.

கிராம நிர்வாக அலுவலருக்குத் தகவல் சொன்னேன். கோவையில் எனக்குத் தெரிந்த தொல்லியல் அலுவலர் ஒருவரிடம் தொலைபேசியில் விவரித்தேன். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தையதாக இருக்கும், செவ்வாய்க்கிழமை வருகிறேன், அதுவரை செய்தி வராமல் இருந்தால் நல்லது என்றார். சரி என்றேன். என் ஆசிரியருக்கும் சொன்னேன், அவரும் சரி என்றார். நாங்கள் இருவரும் பெரிய மனதோடு காத்திருந்தோம். தேநீர்க் கடை காத்திருக்கவில்லை.

திங்கட்கிழமை வெளிவந்த ஒரு மாலைப் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் 'தோட்டத்தில் புதையல்?' என்று இருந்தது. கீழே, பானை நிறையச் சிவப்புக் கற்கள் என்று. ஒரே ஒரு கல்மணி பானை நிறைய ஆகிவிட்டது. எழுதியவர் அந்த இடத்துக்குப் போனதே இல்லை. ஆனால் தோட்டத்துக்கு வழி மட்டும் பிசகாமல் எழுதியிருந்தார்.

பொழுது சாயும் நேரத்தில் சேவியர் கம்பெனி போனிலிருந்து அழைத்தார். "மேடம், டீக்கடைல எல்லாரும் இதான் பேசுதாவ. காலைல கடப்பாரையோட கெளம்புதோம்னு ரெண்டு மூணு கூட்டம் சொல்லுது. முதலாளியம்மா சமாதி அங்கதான் இருக்கு. இவனுவளுக்கு எது பழசு, எது புதுசுன்னு தெரியவா போவுது?"

காவல் நிலையத்தில், காலையில் ஒருவரை அனுப்புகிறோம் என்றார்கள். ஒருவர். இனி செய்தி எழுதாமல் இருக்க முடியாது. நீங்கள் என்ன எழுதியிருப்பீர்கள்? நான் எல்லாரும் செய்வதைச் செய்தேன். 'புதையல் என்பது வதந்தி, அதிகாரி மறுப்பு' என்று எழுதி ஆசிரியருக்குத் தொலைபேசியில் படித்தேன். பக்கம் முடிக்க அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள். பின்னால் தட்டச்சு ஓடும் சத்தம் கேட்டது. அவர் முழுவதும் கேட்டார்.

"மறுப்பு எழுதுனா அந்த வார்த்தையை நீயும் ஒரு தடவை எழுதற. படிக்கறவன் அந்த வார்த்தையை மட்டும்தான் எடுத்துக்குவான்."

வேறு என்ன எழுத, உண்மையில் அங்கே பானையும் மணியும் கிடைத்திருக்கின்றனவே என்றேன்.

"என்ன கெடச்சதுன்னு எழுதாதே. யாரு கெடச்சாங்கன்னு எழுது."

அவ்வளவுதான் சொன்னார், போனை வைத்துவிட்டார். பிறகு நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் அந்த மேசையில் என்ன கற்றேனோ அதை எழுதினேன்.

'அவிநாசிபாளையம் அருகே தோட்டத்தில் ஒருவரின் அடக்கம் இருப்பது தெரியவந்துள்ளது. பெயர் தெரியவில்லை. வயது தெரியவில்லை. ஆணா பெண்ணா என்பதும் தெரியவில்லை. அடக்கம் நடந்து இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் இருக்கலாம் என்று தொல்லியல் அலுவலர் கூறினார். சுற்றிலும் கல் நட்டு, பலகைக் கல் மூடி, உணவுப் பானைகளுடன் மரியாதையாக அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அருகில் இந்தத் தோட்டத்துக் குடும்பத்தைச் சேர்ந்த பெண்மணியின் சமாதியும் உள்ளது. உறவினர்கள்: தெரியவில்லை.'

சொன்னபடி பழனிச்சாமியை அழைத்துப் படித்துக் காட்டினேன். குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசி வரியில் நிறுத்தினார்.

"தெரியலேன்னு போட்டா அனாதைன்னு ஆயிருமுங்க, அம்மிணி. இத்தனை பேரு இங்கயே தலைமொறை தலைமொறையா இருக்கோம். யாருக்காச்சும் சொந்தமா இல்லாமயா போயிருவாங்க?"

அவர் சொன்னதில் ஆதாரம் இல்லை. ஆனால் மறுக்கவும் ஆதாரம் இல்லை. யோசித்து, 'உறவினர்கள் இந்தப் பகுதியில் இருக்கக்கூடும்' என்று மாற்றினேன். ஆசிரியர் அதை மரண அறிவிப்புப் பகுதியில் போடவில்லை. முதல் பக்கத்தில், மரண அறிவிப்பின் கறுப்புக் கட்டத்துக்குள் போட்டார்.

மறுநாள் காலை நான் போய்ச் சேர்ந்தபோது தோட்டத்து வழியில் வண்டிகள் நின்றன. உள்ளே போனால் கடப்பாரைகள் இல்லை, மாலைகள் இருந்தன. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள், சாயப்பட்டறை ஆட்கள், ஷிப்ட் முடிந்து தூங்கப் போகாமல் வந்த பெண்கள். வந்தவர்கள் வழக்கப்படி பழனிச்சாமியின் கையைத் தொட்டுவிட்டு, பேசாமல் ஒதுங்கி உட்கார்ந்தார்கள். துக்கம் விசாரிக்க வேறு ஆள் இல்லாததால் அவரையே விசாரித்தார்கள். அவரும் எழுந்து நின்று ஒவ்வொருவரையும் ஏற்றுக்கொண்டார்.

சண்முகம் முதலில் என்னைப் பார்த்த பார்வையில் ஹாஸ்டல் முழுவதும் இருந்தது. ஆனால் வீட்டுக்கு ஆள் வந்துவிட்டால் கொங்கு நாட்டுக்காரருக்குக் கோபம் தங்காது. கொஞ்ச நேரத்தில் கம்பெனி வண்டியில் நாற்காலிகளும் டீ கேனும் வந்தன. இரண்டு மோட்டார் சைக்கிளில் வந்த சில இளைஞர்கள் சாக்குக்குள் எதையோ நீளமாகச் சுற்றி வைத்திருந்தார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் சாக்கை வேலி ஓரம் போட்டார்கள். அவர்களைப் பார்த்த சண்முகம் "கண்ணுகளா, சும்மா நிக்காதீங்க, சேரை எறக்குங்க" என்றார். இறக்கினார்கள். பிறகு மதியம் வரை டீ ஊற்றியவர்களும் அவர்கள்தான். காவல் நிலையத்திலிருந்து வந்த ஒருவருக்கும் அவர்களே ஊற்றினார்கள்.

கோடி போட வேண்டுமே என்று யாரோ நினைவூட்டினார்கள். இறந்தவர் மேல் புதுத்துணி போர்த்துவது மாமன் வழிச் சொந்தத்தின் உரிமை. மாமன் யார்? பக்கத்துத் தோட்டத்துக் கவுண்டர் ஒருவர் தான் மாமன் முறையாக இருப்பதில் ஆட்சேபம் இல்லை என்றார். இன்னொருவரும் மாமன் என்றார். சாயப்பட்டறைக்காரரும் மாமன். சிறிது நேரத்தில் அங்கே இருந்த ஆண்கள் அத்தனை பேரும் மாமன்கள். காரணம் எனக்குப் புரிந்தது. பங்காளி என்று சொன்னால் தீட்டு உண்டு. கருமாதி வரை நல்ல காரியத்துக்குப் போக முடியாது, அந்த மாதமோ கல்யாண மாதம்.

"ஏனுங்க, ஊரெல்லாம் மாமன்னா அவிங்களுக்குப் பங்காளியே இல்லாம எப்படிச் சொத்தைப் பிரிச்சாங்க?" என்று டீ வாங்க வந்த பெண் ஒருவர் கேட்க, துக்க வீட்டில் சிரிக்கக் கூடாது என்பதை எல்லாரும் மறந்தார்கள்.

துணி கம்பெனியிலிருந்து வந்தது. கோடியில் தையல் இருக்கக் கூடாது. பின்னல் எந்திரத்திலிருந்து வரும் பனியன் துணி குழாய் மாதிரியே வருவதால் தையலே கிடையாது. புத்தம் புது வெள்ளை ரோலிலிருந்து வெட்டி வந்திருந்தார்கள். வேட்டிதான் முறை, இது உள்ளே போடுவதாயிற்றே என்று ஒருவர் இழுத்தார். பழனிச்சாமி துணியைக் கையில் வாங்கி இழுத்துப் பார்த்து, நூல் நல்ல நூல்தான் என்றார். பலகைக் கல்லின் மேல் விரித்தார்கள். சேவியர் ஒரு மெழுகுவத்தியைக் கல்லோரம் ஏற்றி வைத்தார். அவர் ஊரில் கல்லறைத் திருநாளுக்கு எல்லாக் கல்லறையிலும் ஏற்றுவார்களாம், ஆள் இல்லாத கல்லறைக்கும் யாராவது ஏற்றிவிடுவார்களாம். "இவியளுக்கு எத்தன திருநாள் பாக்கியோ" என்றார்.

இந்த நேரத்தில்தான் தொல்லியல் அலுவலர் வந்து இறங்கினார். இளைஞர். கையில் அளவு நாடா. ஈமச்சின்னத்தின் மேல் பனியன் துணி, மாலை, மெழுகு, மஞ்சள் தண்ணீர் எல்லாம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் சத்தம் போட்டிருந்தால் அதற்கு எல்லா நியாயமும் இருந்தது. உங்களில் யாராவது அரசு அலுவலர்களைப் பற்றி ஒரேயடியாக எழுத நினைத்தால் இவரை நினைத்துக்கொள்ளுங்கள். செருப்பைக் கழற்றினார். கூட்டத்தின் நடுவே வந்து நின்றார்.

"நான் இவங்களைக் கொஞ்சம் அளந்து பாக்கணும். சொந்தக்காரங்க யாருங்க? அவங்ககிட்ட கேட்டுட்டுச் செய்யறேன்."

மாமன்கள் யாரும் எழவில்லை. பழனிச்சாமி எழுந்தார்.

"பங்காளி நானுங்க. ஒரே எடத்துக்கு ரெண்டு பேரு பாத்தியதை கேட்டா, அது பங்காளிதானுங்களே. அளந்துக்குங்க. ஆனா எங்கூட்டுக்காரி படுத்திருக்கற எடம் எந்தப் பக்கம் வருதுன்னு மொதல்ல சொல்லிப்போடுங்க."

அவர் மூன்று நாளாக எதற்குக் காத்திருந்தார் என்று அங்கே எனக்கும் சண்முகத்துக்கும்தான் தெரியும். அலுவலர் கல்வட்டத்தைச் சுற்றி நடந்தார். நாடாவைப் பிடித்து இழுத்தார். சண்முகம் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

சமாதி வட்டத்துக்கு வெளியே, ஒரு தறி போடும் அகலம் தள்ளி இருந்தது. வட்டத்துக்கு மட்டும் வேலி போதும் என்றார் அலுவலர். ஆனால் பெரியவருக்கு வெட்டிய குழி உள்ளே விழுகிறது, அதை மூடத்தான் வேண்டும். சமாதிக்குக் கிழக்குப் பக்கம் இனி யாரையும் அடக்கம் செய்ய முடியாது.

"மேக்க?" என்றார் பழனிச்சாமி.

மேற்கே தடையில்லை. ஆனால் அப்படிப் படுத்தால் மனைவி வலப்பக்கம் வந்துவிடுவார், மணவறையில் உட்காருவது போல இடப்பக்கம் இருப்பதுதான் முறை என்று ஒரு மாமன் எடுத்துச் சொன்னார். பழனிச்சாமி மணவறையை நினைக்கவில்லை, தறியை நினைத்தார்.

"நானு தறியில உக்காந்தா அவ ராட்டையோட வலப்பக்கந்தானுங்க உக்காருவா. நூல் சுத்துன தார் கேட்டு அந்தப் பக்கந்தான் கையை நீட்டுவேன். பழகுன பக்கம்."

அதற்கு மேல் யாரும் முறை பேசவில்லை. அலுவலர் டீ குடித்துக்கொண்டே அந்தக் காலத்து வழக்கத்தைச் சொன்னார். இறந்தவரை அப்படியே புதைப்பது எப்போதும் வழக்கமில்லை, வேறு இடத்தில் வைத்தோ எரித்தோவிட்டு, மிஞ்சிய எலும்பை மட்டும் பானையில் எடுத்துவந்து இப்படிக் கல் நட்டு வைப்பதும் உண்டு. பழனிச்சாமி மிகவும் கவனமாகக் கேட்டார். "அப்ப மிச்சத்தைக் கொண்டாந்து வெச்சாலும் அவிங்க இங்கதான் இருக்காங்கன்னு கணக்குங்களா?" என்று ஒருமுறைக்கு இருமுறை கேட்டுக்கொண்டார். ஆமாம் என்றார் அலுவலர்.

சில வாரங்கள் கழித்து மேற்குப் பக்கம் புதுக் குழி வெட்டினார்கள். இப்போதே எதற்கு என்று கேட்டேன். "விட்டா எம்பையன் அங்க செப்டிக் டேங்க் வெட்டிப்போடுவானுங்க" என்றார். ஆனால் வெட்டிய குழியைச் சும்மா விடக் கூடாது என்பது நம்பிக்கை. திறந்த குழி ஆளைக் கேட்கும் என்பார்கள். முதல் குழிக்கு அந்தக் கவலை இல்லை, அதில் ஆள் இருந்தது. இதற்கு என்ன செய்வது என்று அப்பா யோசித்துக்கொண்டிருக்க, சண்முகம் உடுமலைப்பேட்டைக்குப் போய் ஒரு தென்னங்கன்று வாங்கி வந்து குழியில் நட்டுவிட்டார். குட்டை ரகம். அப்பாவுக்குச் சந்தோஷம். தினமும் தானே தண்ணீர் ஊற்றினார்.

சில ஆண்டுகளிலேயே தென்னை காய்த்தது. என்னை வரச் சொல்லி, தன் குழியில் விளைந்த இளநீரைத் தானே சீவிக் கொடுத்தார். நல்ல இனிப்பு. பிறகு மெதுவாகச் சொன்னார்: "காய்க்கற தென்னையை வெட்டக் கூடாதுங்க. வேரு கீழ முச்சூடும் பரவிக் கெடக்குது. இப்ப நானு எங்கீங்க படுக்கறது?" குரலில் புகார் இல்லை. யோசித்து முடித்துவிட்ட ஆளின் குரல். மகனிடம் மின் மயானத்துக்குச் சம்மதம் சொல்லிவிட்டதாகவும், மிச்சம் மட்டும் இங்கே வர வேண்டும் என்று வாக்கு வாங்கிவிட்டதாகவும் சொன்னார். தென்னங்கன்று யோசனை திட்டமிட்டதுதானா என்று சண்முகத்தைத் தனியாகக் கேட்டேன். "வெளிநாட்டு பையர்கிட்டப் பேசிப் பேசிப் பழகுன வாயிங்க. நேராக் கேட்டா ஒருத்தரும் ஒத்துக்க மாட்டாங்க" என்று சிரித்தார். ஹாஸ்டலை அவர் தோட்டத்தின் மறுகோடியில் கட்டியிருந்தார். வேலைக்கு வந்த பெண்கள் மாலையில் கல்வட்டத்து வேலியோரம் உட்கார்ந்து கதை பேசுவார்கள்.

திருப்பூர் தனி மாவட்டமான ஆண்டில் பழனிச்சாமி இறந்தார். தூக்கத்தில், வலியில்லாமல். மறுநாள் சாம்பலும் எலும்பும் ஒரு மண்சட்டியில் வந்தன, வாயில் வெள்ளை பனியன் துணி கட்டியிருந்தது. மனைவியின் பக்கமாகத் தென்னையின் அடியில் இறக்கினார்கள். அவர் கேட்டபடியே மனைவி வலப்பக்கம். சேவியர் இரண்டு மெழுகுவத்தி கொண்டுவந்திருந்தார், ஒன்றை வேலிக்கு அப்பால் வைத்தார்.

மரண அறிவிப்பு கொடுக்க சண்முகம் நம் அலுவலகத்துக்கே வந்தார். நான் அப்போது பெரிய பொறுப்பில் இருந்தேன். ஆனாலும் அந்த மேசையில் உட்கார்ந்து நானே எழுதினேன். பெயர், வயது, ஊர். மகன், மருமகள், பேரன், பேத்திகள். இடம். எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டினேன், சரியா என்று கேட்டேன்.

"ஒண்ணு உட்டுப்போச்சுங்க" என்றார். "பங்காளியைப் போடலீங்களே."

கடைசி வரிக்கு மேலே ஒரு வரி சேர்த்தேன்: பங்காளி, பெயர் தெரியவில்லை.